நிழற் கொப்பி: நாளாந்த சூரிய அவதானமும் நாமும்

2024 மே 11, சனிக்கிழமை. பரந்தனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் படலையடியில் பக்கத்து வளவுப் பிள்ளை வந்து நின்றாள். என்னிடம் ஒன்பதாம் தரத்தில் தமிழ் படிக்கிறவள். கையில் தாயின் தொலைபேசி.

“சேர், சூரியனிலயிருந்து புயல் வருதாம். இரவைக்குப் போனை நிப்பாட்டிப்போட்டுப் படுக்கட்டாம். தலைமாட்டில வைச்சால் கதிர் தாக்குமாம். அம்மா பயந்துபோய் இருக்கிறா. உண்மையோ சேர்?”

அவள் காட்டிய செய்தி காலையிலேயே எனக்கும் வந்திருந்தது. எங்கள் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் அது ஒரு வரி கூடுதலாகச் சுற்றியது. இது கியாமத்தின் அடையாளம், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று. நான் அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போல அழித்துவிட்டேன். ஆனால் படலையடியில் நின்ற பிள்ளையை அப்படி அனுப்ப முடியவில்லை. அவளுடைய தாய் 2009இல் மாத்தளன் வரை போய் மீண்டவர். வானத்திலிருந்து ஏதோ வருகிறது என்று மே மாதத்தில் சொன்னால் வன்னிச் சனம் அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்காது.

“உங்களுக்கும் ஒண்டும் செய்யாது, போனுக்கும் ஒண்டும் செய்யாது, அம்மாவை நிம்மதியாப் படுக்கச் சொல்லு” என்றேன். அவள் போகவில்லை.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் சேர்?”

நியாயமான கேள்வி. நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன், பௌதிகம் படித்தவனல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. சூரியனை நாள் தவறாமல் பார்த்துக் குறித்தவர்கள் யார், ஏன் பார்த்தார்கள், அந்த வரிசையில் நாம் எங்கே நின்றோம் என்பதை என்னால் இயன்ற அளவு தொகுத்திருக்கிறேன்.

நிழலில் தொடங்கிய கணக்கு

முஸ்லிமின் நாள் சூரியனால் பகுக்கப்பட்ட நாள். உச்சி சாய்ந்தால் லுஹர். ஒரு பொருளின் நிழல், நண்பகலில் அதற்கிருந்த நிழலைக் கழித்து, அதன் உயரத்தை எட்டினால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். சூரியன் மறைந்தால் மஃரிப். அல்-ஃபுர்கான் அத்தியாயம் நிழலையும் சூரியனையும் சேர்த்தே நினைவூட்டுகிறது. கடிகாரம் வருமுன் ஒவ்வொரு பள்ளிவாசலும் ஒருவகையில் சிறிய சூரிய அவதான நிலையமாகவே இருந்தது.

பெரிய நகரங்களில் இதற்கென்றே முவக்கித் எனப்படும் நேரக் கணிப்பாளர் நியமிக்கப்பட்டார். அவர்களில் மிகப் பெயர் பெற்றவர் திமிஷ்க் உமையா பள்ளிவாசலில் பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர் (1304–1375). அந்தப் பள்ளிவாசலின் மினாராவில் 1371ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த நிழற்கடிகாரம் இஸ்லாமிய வானியல் வரலாற்றில் தனி இடம் பெற்றது.

இந்த மரபுக்கு அடிப்படையான ஒரு சம்பவம் மதீனாவில் நடந்தது. நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலாளர் கணிக்கிறார்கள். நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு அதைவிட ஆறுதலான கதை வேறென்ன? ஆனால் அவர்கள் அந்தக் கதையை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று திருத்தினார்கள். தொழச் சொன்னார்கள். வதந்தியை மட்டும் அனுமதிக்கவில்லை. நாங்கள் பயானில் அடிக்கடி கேட்ட செய்திதான். வட்ஸ்அப்பில் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

சூரியனின் முகத்தில் கறுப்புப் பொட்டு தெரியும் என்பதை நம் முன்னோர் கண்டும் இருக்கிறார்கள். 840ஆம் ஆண்டு, அப்பாஸிய கலீஃபா முஃதஸிமின் காலத்தில், சூரியனில் ஒரு கரும்பொட்டு 91 நாட்கள் தெரிந்ததாக ஒரு பதிவு உண்டு. தத்துவஞானி அல்-கிந்தி அதை வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதென்று விளக்கினார். வெள்ளி கடக்கச் சில மணித்தியாலங்களே எடுக்கும். ஆகவே அவர்கள் பார்த்தது கரும்புள்ளிக் கூட்டமாகவே இருக்க வேண்டும் என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. அந்தலூசியாவின் இப்னு ருஷ்தும் (1126–1198) சூரியனில் கருமையான எதையோ கண்டு அதைப் புதன் என்று நினைத்தார். இதைக் கொப்பர்னிக்கஸ் தன் நூலில் குறிப்பிடுகிறார்.

அவர்கள் கெட்டிக்காரர்கள், கண்ணும் கூர்மையானது. ஆனால் வான்பொருள் களங்கமற்றது என்ற கிரேக்கக் கொள்கை அவர்கள் கண்டதை வேறொன்றாக்கியது. அதை உடைக்க ஒருநாள் பார்வை போதாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பார்த்துக் குறிப்பெழுதும் ஆள் வேண்டும்.

தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று

தொலைநோக்கி வந்ததும், 1610ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிலியோ உட்படப் பலர் கரும்புள்ளிகளைப் பார்த்து வரைந்தார்கள். ஆனாலும் அவற்றின் போக்கு விளங்க இரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஜேர்மனியின் டெசாவ் நகரில் ஹைன்ரிக் ஷ்வாபே என்றொரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். புதனுக்கும் உள்ளே ஒரு கோள் ஒளிந்திருக்கலாம் என்ற எண்ணத்தில், அது சூரியனைக் கடக்கும்போது பிடித்துவிட 1826 முதல் வெயில் தெரிந்த நாளெல்லாம் பார்த்தார். அந்தக் கோளோடு மயங்கிவிடக் கூடாதென்பதற்காகக் கரும்புள்ளிகளையும் எண்ணி எழுதினார். அப்படி ஒரு கோளே இல்லை. ஆனால் அவர் 1843இல் தன் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது தெரிந்தது. பின்னர் சுவிற்சர்லாந்தின் ருடோல்ஃப் வொல்ஃப் அதைச் சுமார் 11 ஆண்டு எனத் திருத்தி, நாளாந்தக் கரும்புள்ளி எண் என்ற கணக்கையும் தொடக்கினார். அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் மூடப்படவில்லை. பிரசல்ஸில் உள்ள பெல்ஜிய அரச வானாய்வகம் அதைப் பேணுகிறது.

இப்படி எண்ணிக்கொண்டிருந்த இன்னொருவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கரிங்டன். 1859 செப்டெம்பர் 1ஆம் திகதி முற்பகல் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது அவற்றின் மேல் திடீரென்று வெண்சுடர் இரண்டு பளிச்சிட்டு, சில நிமிடங்களில் அணைந்தன. ஏறத்தாழப் பதினேழரை மணித்தியாலத்தின் பின் உலகெங்கும் காந்த ஊசிகள் தடுமாறின, தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. துருவத்தில் மட்டும் தெரியும் வான ஒளி கியூபா வரை தெரிந்தது.

அந்தப் புயலின் முக்கியமான சாட்சி இருந்தது நம் பக்கத்தில். பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் புவிக்காந்தத்தை மணிக்கு மணி கண்ணால் பார்த்து எழுதிவந்தார்கள். 1859 செப்டெம்பர் 2ஆம் திகதி அளவை கிடுகிடுவென விழுந்தபோது குறிப்பாளர் ஏட்டை மூடிவிட்டுப் போகவில்லை. இடைவெளியைக் குறைத்து இன்னும் நெருக்கமாக எழுதினார்கள். அந்த வீழ்ச்சி சுமார் 1,600 நனோடெஸ்லா என்பது 2003இல் வெளியான ஆய்வொன்றில் எடுத்துக்காட்டப்பட்டது. 144 ஆண்டு கழித்து ஒருவருக்குத் தேவைப்படும் என்று தெரிந்தா அவர்கள் எழுதினார்கள்? பிறகு பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், அதன் மின்னோட்டம் ஊசிகளைக் குழப்பாதிருக்க ஆய்வகத்தை அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். 1904 முதல் அங்கே வேலை தொடர்கிறது.

பஞ்சம் கட்டிய ஆய்வகம்

தமிழ் மண்ணில் சூரியனை நாளாந்தம் பார்க்கும் வேலை பசியில் இருந்து பிறந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பிருக்குமோ என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. சென்னை வானாய்வகத்தின் நோர்மன் பொக்சன் 1882இல் மலைப் பிரதேசத்தில் சூரிய ஆய்வுக்கான தொலைநோக்கி வேண்டும் என்று கேட்டார். மிக்கி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்தார். இன்னொரு பஞ்சத்தின் பின், 1893 ஜூலையில், கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தெரிவு செய்தது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீற்றர் உயரத்தில், தூசு குறைந்த வானத்தின் கீழ், 1901இல் அவதானம் தொடங்கியது. 1904 முதல் வெயில் கிடைத்த நாளெல்லாம் சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள்.

மழையை முன்கூட்டிச் சொல்லும் சாவி அங்கே கிடைக்கவில்லை. ஷ்வாபேயைப் போலவே, தேடாத ஒன்று கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜோன் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக விரைந்தோடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே பெயர் பெறுகிறது. அதைவிடப் பெரிய சொத்து, 14ஆம் சூரியச் சுழற்சி முதல் இப்போதைய 25ஆம் சுழற்சி வரை சேர்ந்திருக்கும் படங்கள்தான். ஒரே இடத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே முறையில் எடுக்கப்பட்டதால்தான் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் இருந்தவற்றை அண்மைக் காலத்தில் எண்மமாக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர், பாட்டன், தகப்பன், மகன் என்று, காலையில் கோபுரத்தில் ஏறிச் சூரியனைப் படம்பிடித்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்தது. கொடைக்கானலைக் கட்டத் தூண்டிய அதே பஞ்சம்தான் பெருந்தொகையானோரை இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குத் துரத்தியது. அவர்களின் வழிவந்தவர்கள் பலர் 1970களிலும், 1977 கலவரத்தின் பின்னும் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வந்து காடுவெட்டிக் குடியேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சத்தின் ஒரு கிளை மலையுச்சியில் சூரியப் படங்களாகச் சேர்ந்திருக்கிறது. மற்றக் கிளை இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று இன்றும் வானத்தைப் பார்க்கிறது.

எங்கள் தலைக்கு மேலே

இந்தத் தீவில் அப்படி ஒரு நீண்ட கண் திறந்திருக்கவில்லை. வந்துபோன கண்கள் உண்டு. 1871 டிசெம்பர் 12ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க நோர்மன் லொக்கியர் தலைமையில் வந்த பிரித்தானியக் குழு, ஒரு பிரிவை யாழ்ப்பாணத்திலும் இன்னொன்றைத் திருகோணமலையிலும் நிறுத்தியது. வரைபடத்தில் இரண்டு ஊரையும் கோட்டால் இணைத்துப் பாருங்கள். அது வன்னிக்கு மேலாகத்தான் போகிறது. அந்தக் காலை, நாங்கள் இருக்கும் இந்தப் பரந்த வெளியும் காடும் சில நிமிடம் இருண்டிருக்கும். இங்கிருந்து அதைக் குறித்துவைத்தவர் எவரையும் நான் வாசித்த ஏடுகளில் காணவில்லை.

1955 ஜூன் 20 கிரகணம் அந்த நூற்றாண்டிலேயே மிக நீண்ட முழுக் கிரகணம். ஹிங்குராக்கொடைப் பக்கம் வந்து காத்திருந்த வெளிநாட்டு விஞ்ஞானிகளைப் பெரும்பாலும் முகில் ஏமாற்றியது. ஆனால் கிரகண நேரத்தில் வசம்பு சேர்த்த சாறு குடித்தால் மேனி வெளுக்கும் என்று நாட்டில் ஒரு கதை பரவி, அதைக் குடித்த பெண்கள் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனதாக அந்தக் காலத்தவர் சொல்வார்கள். வட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வதந்திக்குக் கால் இருந்திருக்கிறது.

2010 ஜனவரி 15 கிரகணம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தை ஒட்டி வந்தது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட வளையக் கிரகணம். வடக்கில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தபோது நான் புத்தளத்தில் இருந்தேன். பள்ளி முற்றத்து வேப்பமர நிழலில் இலை இடுக்குகளினூடே விழுந்த ஒளிப்பொட்டெல்லாம் பிறையாக மாறிக் கிடந்தது. கிரகணத் தொழுகைக்கு நின்றவர்களில் வாப்பாவும் ஒருவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கிரகணம் எப்போதாவது வருவது. எங்கள் தலைக்கு மேலே தினமும் நடக்கும் ஒன்றும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் தொட்டுப் போகிறது. அந்தக் கோட்டை ஒட்டி, நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலே, சுமார் 600 கிலோமீற்றர் அகலத்தில், பகல் முழுக்க ஒரு மின்னாறு ஓடுகிறது. சூரிய ஒளி வளிமண்டல அணுக்களை மின்னூட்டுவதால் வருவது. சூரியன் மறைந்த பின் அதே மண்டலத்தில் குமிழிகள்போல வெற்றிடங்கள் எழுந்து சிற்றலை வானொலியையும் செய்மதிச் சமிக்ஞையையும் குலைப்பதுண்டு. இரவில் சிற்றலையில் தமிழ்ச் செய்தி கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். குரல் கிட்ட வரும், பிறகு கடலுக்குள் போவதுபோலத் தேய்ந்துபோகும். நாங்கள் பற்றரியைத்தான் திட்டினோம். பல நாள் பற்றரியும் பிழைதான்.

இந்த மின்னாற்றை ஆராயத்தான் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவக் கிராமத்தைத் தெரிந்தெடுத்து, 1963 நவம்பர் 21ஆம் திகதி முதல் ரொக்கட்டை ஏவினார்கள். அந்தக் குழுவில் இராமேஸ்வரத்து மரைக்காயர் குடும்பத்து இளைஞர் ஒருவர் இருந்தார். அப்துல் கலாம். அவரை ஏவுகணைக்கும் ஜனாதிபதிப் பதவிக்கும் நினைவுகூர்கிறோம். அவருடைய விண்வெளிப் பயணம் எங்கள் தலைக்கு மேல் ஓடும் காந்த நடுக்கோட்டின் கீழ் தொடங்கியது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இதே வேலையைச் செய்கிறது.

செங்கோட்டையில் இருந்து

கொடைக்கானலை இன்று நடத்துவது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியையும் அதே நிறுவனம்தான் செய்தது. விண்கலம் 2024 ஜனவரி 6ஆம் திகதி, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் உள்ள தன் இடத்தை அடைந்தது. அங்கே இரவு இல்லை, முகில் இல்லை. ஏழு கருவிகளும் இடையறாமல் சூரியனையும் அதிலிருந்து வரும் துகள்களையும் பார்க்கின்றன. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். முவக்கித் என்ற பழைய பதவிப் பெயருக்கு இந்தக் காலத்தில் அவரைவிடப் பொருத்தமானவர் உண்டா என்று எனக்குத் தோன்றியது.

இப்போது 2024 மே மாதத்துக்கு வருவோம். அந்த வாரம் சூரியனில் 13664 என்று இலக்கமிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் பூமியின் விட்டத்தைப்போலப் பதினைந்து மடங்கு அகலத்துக்கு விரிந்து, அடுத்தடுத்து வெடித்தது. வெடிப்பின் ஒளி எட்டரை நிமிடத்துக்குள் வந்துவிடும். பகல் பக்கத்தில் சிற்றலை வானொலி மங்கும். அதோடு சூரியன் வீசும் மின்னூட்டத் துகள்களின் முகில் வந்துசேர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அது மே 10ஆம் திகதி இரவு எங்கள் நேரத்தில் பூமியில் மோதியது. 2003 ஒக்டோபருக்குப் பின் முதல்தடவையாக ஜி-5 என்ற உச்ச மட்டப் புயல். இந்தியாவின் லடாக்கில் ஹன்லே ஆய்வகத்தின் மேல் வானம் சிவந்தது. ஆதித்யாவின் கருவிகளும் அதைப் பதிந்தன.

ஆக, வட்ஸ்அப் செய்தியில் புயல் உண்மை. தலைமாட்டுப் போனைக் கதிர் தாக்கும் என்பது பொய். அந்தத் துகள்களைப் பூமியின் காந்தப்புலமும் வளிமண்டலமும் நிலத்துக்கு வராமல் தடுத்துவிடுகின்றன. சேதம் வருவது செய்மதிகளுக்கும், துருவத்தை அண்டிய நாடுகளின் நீண்ட மின்கம்பிகளுக்கும். 1989 மார்ச் 13ஆம் திகதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது இலட்சம் பேர் ஒன்பது மணித்தியாலம் மின்சாரமின்றி இருந்தார்கள். கிப்லா பார்க்கும் நம் திசைகாட்டியின் ஊசிகூட அந்த இரவில் மெல்ல நடுங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறை விடயத்தில் நாங்கள் சாட்சி கேட்கிறோம். எங்கே பார்த்தார், எத்தனை மணிக்கு, கூட யார் நின்றது, வானம் தெளிவா என்று கேட்டு, திருப்தி இல்லையென்றால் முப்பதைப் பூர்த்தி செய்கிறோம். அப்படிப்பட்ட சமுதாயம் கியாமத் வந்துவிட்டது என்ற செய்திக்கு ஒரு சாட்சிகூடக் கேட்பதில்லை.

முகில்

வாப்பா முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் பள்ளியில் பாங்கு சொன்னவர். பள்ளியில் மணிக்கூடு இருந்தது. ஆனாலும் முற்றத்தில் ஒரு பாலைக் கம்பை நட்டு, நண்பகல் நிழலை விரற்கடையால் அளந்து சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். “மணிக்கூடு பிழைச்சாலும் நிழல் பிழைக்காது” என்பார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. கொப்பி போய்விட்டது. அதில் எத்தனை வருசத்துக் கணக்கு இருந்தது என்று அவரும் பிறகு சொன்னதில்லை.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டில் போட்ட முதல் வாரத்தில் அவர் தேடியது ஒரு நேரான கம்பை. கிப்லாவும் வேண்டும், லுஹர் நேரமும் வேண்டும். அங்கே தொடங்கிய இரண்டாவது கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. திகதி, விரற்கடை, அவ்வளவுதான். நிழல் விழாத நாளில் இலக்கத்துக்குப் பதிலாக ஒரே சொல், ‘முகில்’. மாரி மாதங்களில் பக்கம் பக்கமாக முகில். நேற்று இத்தனை, நாளை இத்தனை, ஆகவே இன்று இத்தனை என்று அவர் நிரவி எழுதவில்லை. நான் ஒருமுறை அதைக் கேட்டபோது, “நான் காணாததை எப்படி மகன் எழுதுறது?” என்றார். இந்தக் கட்டுரைக்காக வாசித்தபோதுதான் உறைத்தது: கொடைக்கானலிலும் முகில் மறைத்த நாளுக்குப் படம் இல்லை. அந்த வெற்றிடமும் கணக்கின் ஒரு பகுதி. அதை யாரும் கற்பனையால் நிரப்பாததால்தான் மற்ற நாட்களை நம்ப முடிகிறது. வதந்தி செய்வது இதற்கு நேர்மாறு. தெரியாத இடத்தைத்தான் அது முதலில் நிரப்புகிறது.

மே 12ஆம் திகதி ஞாயிறு, பக்கத்து வளவுப் பிள்ளையைக் கூப்பிட்டு முற்றத்தில் ஒரு மீற்றர் கம்பை நட்டோம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பரந்தனில் அந்த நாட்களில் உச்சி வருவது பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்தை ஒட்டி.

“சேர், நிழல் தெற்கால விழுது!”

அவளுக்கு ஆச்சரியம். பதினைந்து சென்ரிமீற்றர் இருக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இங்கே சூரியன் நேர் உச்சியில் நின்று நிழல் காலடியில் ஒடுங்கும். அதன் பின் சூரியன் எங்களுக்கு வடக்கே போவதால் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். டிசெம்பரில் அதே கம்பின் நிழல் வடக்கே அறுபத்துநாலு சென்ரிமீற்றர் நீளும். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயே எழுதிப் பார், டிசெம்பரில் தெரியும் என்றேன். எழுதத் தொடங்கினாள்.

இரண்டாம் கிழமை ஒருநாள் மப்பு. கொப்பியோடு வந்து நின்றாள்.

“அண்ணளவா ஒண்டு போடட்டோ சேர்?”

“இல்லை பிள்ளை. முகில் எண்டு எழுது.”

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பழைய பள்ளிவாசல்களில் நிழல் குறித்த கல்லும் கம்பும், கையால் எழுதிய தொழுகை நேர ஏடுகளும், மோதின்மார் வைத்திருந்த கொப்பிகளும் இன்னும் எங்காவது இருக்கக்கூடும். புதுப் பள்ளி கட்டும்போது பழைய அலுமாரியோடு சேர்த்து அவை எரிக்கப்படுகின்றன. வடக்கிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். கண்டால் எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, ஊரையும் ஆண்டையும் எழுதி, இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடம் சேருங்கள். ஆண்டு தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள்.